மலை ஏறிய சங்கு

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைத் தூத்துக்குடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது, இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே நாலு சேலை. அதற்குக் கீழே, மூணு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியும் வாசம் அடங்காத கருவாடு. நெத்திலி, சாளை, வாளை எல்லாம் சேர்த்து மூணு கிலோவுக்குக் குறையாது. அதிகாரி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விற்பனைக்கா என்று கேட்டார்.

"என்னட்டி கேக்கான்?"

"விக்கதுக்கா கொண்டு வந்தீகன்னு கேக்காரு அத்தை."

"விக்கதுக்கா? பேரப் புள்ளைக்குல்லா கொண்டு வந்திருக்கேன். அவன்ட்டச் சொல்லு."

சொன்னேன். அவர் நம்பவில்லை. கருவாடு அங்கேயே தங்கிவிட்டது. அத்தை ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கும் கோபம்தான். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மனுஷர் கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. கடல் பொருள் ஒன்று கடலை விட்டு வெகு தூரத்தில் கிடைக்கிறது. அது எப்படி வந்தது? வியாபாரமா, உறவா, வேண்டுதலா? பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில் தொல்லியல் ஆய்வாளர்கள் நூறு வருஷமாக இதே கேள்வியோடுதான் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை அந்தக் கதை.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. பெருவின் கடற்கரை ஒரு பாலைவனம். மழை கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் கடலோ மீனால் நிறைந்தது. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம்தான் காரணம். நெத்திலி இனத்து மீன் அங்கே கொட்டிக் கிடக்கிறது. கடற்கரையிலிருந்து கிழக்கே திரும்பி நடந்தால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் நாலாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே உருளைக்கிழங்கு, லாமா, குளிர், உறைபனி. கீழே பருத்தி, மிளகாய், மீன், உப்பு. நடுவில் ஆறுகள் வெட்டிய செங்குத்தான பள்ளத்தாக்குகள். ஒரு இடத்தில் விளைவது இன்னொரு இடத்தில் விளையாது.

இந்த இரண்டு உலகங்களுக்கும் தொடர்பு எப்போது தொடங்கியது? எனக்குத் தெரிந்து மிகப் பழைய சாட்சி, நகத்தளவு கறுப்புக் கண்ணாடிச் சில்லுகள்.

தென்பெருவில் கமானா என்ற ஊருக்குப் பக்கத்தில், கேப்ராடா ஹாகுவாய் என்ற வறண்ட ஓடைக்கரையில் டேனியல் சாண்ட்வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் தோண்டினார். சுமார் 13,000 முதல் 11,000 வருஷங்களுக்கு முன் அங்கே மீனவர்கள் தங்கியிருக்கிறார்கள். மட்டி ஓடுகள், மீன் முள்கள். சாப்பிட்டதெல்லாம் கடல்தான். ஆனால் குப்பையில் கூடவே எரிமலைக் கண்ணாடியின் சில்லுகளும் கிடந்தன. எரிமலைக் குழம்பு வேகமாக ஆறி இறுகினால் உண்டாகும் கல் அது. உடைத்தால் சவரக்கத்தி போல் வெட்டும். கடற்கரையில் அது கிடையவே கிடையாது.

இந்தக் கல்லில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு எரிமலையின் கண்ணாடியிலும் கலந்திருக்கும் நுண்ணிய தனிமங்களின் விகிதம் வேறு வேறு. கைரேகை மாதிரி. சோதித்துப் பார்த்ததில் அந்தச் சில்லுகள் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் ஆல்கா என்ற இடத்துக் கல் என்று தெரிந்தது. 1998-ல் இது வெளியானது.

சாண்ட்வைஸின் மாணவர் கர்ட் ராடமேக்கர், சில்லு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். ஏறினார் என்று சுலபமாக எழுதிவிட்டேன், வருஷக்கணக்கில் மலையில் அலைந்திருக்கிறார். கடைசியில் புக்குஞ்சோ என்ற மேட்டுச் சமவெளியில், 4,480 மீட்டர் உயரத்தில், குன்காய்ச்சா என்ற பாறைக் குடைவைக் கண்டுபிடித்தார். சுமார் 12,400 வருஷங்களுக்கு முன்பே அங்கே மனிதர்கள் தங்கி, அடுப்பு மூட்டி, வேட்டையாடிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் அறுபது சதவீதத்தைத் தொடாது. நானெல்லாம் கொடைக்கானலுக்கே மூச்சு வாங்குபவள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், குன்காய்ச்சாவின் கற்கருவிகளில் சில உள்ளூர்க் கல் இல்லை. மேற்பரப்பு வழவழவென்று, வேகமான ஆற்றில் உருண்டு தேய்ந்த கல். அப்படிப்பட்ட ஆறு கீழேதான் ஓடுகிறது. ஆக, மேலே இருந்து கல் கீழே போயிருக்கிறது, கீழே இருந்து கல் மேலே வந்திருக்கிறது. விவசாயமும் பானையும் அந்தப் பக்கம் தலைகாட்டுவதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால்.

அதற்கப்புறம் பல ஆயிரம் வருஷத்தைத் தாண்டி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிமாவுக்கு வடக்கே சூப்பே பள்ளத்தாக்கில் கரால் என்ற பழைய நகரம் இருக்கிறது. கடலிலிருந்து 23 கிலோமீட்டர் உள்ளே. ரூத் ஷாடி என்ற பெரு நாட்டு ஆய்வாளர் 1990களில் தொடங்கி அங்கே தோண்டிவருகிறார். எகிப்தில் பிரமிடுகள் எழுந்த அதே காலத்தில், கி.மு. 2600-ஐ ஒட்டி, இங்கேயும் பெரிய மேடைக் கோயில்கள் எழுந்திருக்கின்றன. பானை செய்யத் தெரியாது, ஆனால் கோயில் கட்டத் தெரியும்! கரால் மக்கள் பருத்தி பயிரிட்டார்கள். கடற்கரை மீனவர்களுக்கு வலை பின்னப் பருத்தி வேண்டும், கரால்காரர்களுக்கு மீன் வேண்டும். கராலின் குப்பையில் நெத்தலியும் சாளையும் நிறைய. அங்கே கிடைத்த 32 புல்லாங்குழல்கள் பெலிக்கன் பறவையின் எலும்பில் செய்தவை. ஊதுகொம்புகளோ மானின் எலும்பிலும் லாமா இனத்தின் எலும்பிலும் செய்தவை. ஒரே ஊரின் வாத்தியக் கோஷ்டியில் கடல்பறவையும் மலைமிருகமும்.

2025 ஜூலையில் இதே குழு, அதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே 600 மீட்டர் உயரத்தில் பெனிகோ என்ற இன்னொரு பழைய ஊரைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. உங்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கி.மு. 1800-க்கும் 1500-க்கும் இடைப்பட்டது. கடலையும் மலையையும் அதற்கு அப்பாலுள்ள அமேசான் காட்டையும் இணைத்த சந்திப்பு ஊர் அது என்பது ரூத் ஷாடியின் கருத்து. அங்கே ஒரு கட்டடத்தின் சுவரில் புடைப்புச் சிற்பமாக இருப்பது என்ன தெரியுமா? சங்கு.

சங்கைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆண்டிஸில் சாவீன் என்ற இடத்தில் ஒரு கற்கோயில். உயரம் 3,180 மீட்டர். கி.மு. 1200-க்கும் 500-க்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டது. வெளியே சதுர முற்றம், வட்ட முற்றம். உள்ளே இருட்டான குறுகிய சுரங்க நடைகள். நடுவில் நாலரை மீட்டர் உயரத்தில் கோரைப்பல் காட்டும் கல் தெய்வம். 2001-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் ரிக் குழு அங்கே ஒரு சிறிய நடையைத் தோண்டியபோது 20 சங்குகள் கிடைத்தன. நுனியை வெட்டி ஊதுவதற்குத் தயார் செய்த சங்குகள். பலவற்றின் மேல் கோட்டுச் சித்திரம் செதுக்கியிருக்கிறது. கைபட்டுக் கைபட்டு மேற்பரப்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊதியிருக்கிறார்கள். உள்ளூர்க் கெச்சுவா மொழியில் இதற்குப் புடூட்டு என்று பெயர். நம் ஊரில் ஊதுவது போலவே வாய் வைத்து ஊதினால் அதே மாதிரி அடிவயிற்றைத் தொடுகிற சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் நடைகளுக்குள் எப்படி எதிரொலிக்கிறது என்று தனியாக ஓர் ஒலி ஆராய்ச்சியே நடந்தது.

சரி, மலையில் சங்கு, ஆச்சரியம்தான். ஆனால் இன்னொரு ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சங்கு சாவீனுக்கு நேர் கீழே இருக்கும் கடலில் வாழாது. அங்கே தண்ணீர் குளிர். இது வெதுவெதுப்பான நீரில், எக்வடோரும் அதற்கு வடக்கேயும் வாழும் இனம். கூடவே முள்சிப்பி என்று ஒன்று உண்டு. மேலெல்லாம் முள், உள்விளிம்பு ரத்தச் சிவப்பு. அதுவும் வெதுநீர்ப் பிராணிதான். சாவீன் சிற்பம் ஒன்றில் தெய்வம் ஒரு கையில் சங்கையும் மறு கையில் முள்சிப்பியையும் ஏந்தி நிற்கிறது. மழை கடலிலிருந்து வருகிறது என்று மலைவாசிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வெதுநீர் தெற்கே நகரும் வருஷங்களில் மழை கொட்டும், அதைத்தான் இப்போது எல்நினோ என்கிறோம். அதனால் இந்தச் சிப்பியை மழைக்கான படையலாக நினைத்தார்கள் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சாவீனில் இன்னொரு தூணும் உண்டு. முதலைத் தெய்வம் செதுக்கிய கல்தூண். முதலை மலையிலும் இல்லை, அந்தக் கடற்கரையிலும் இல்லை, கிழக்கே அமேசான் காட்டு விலங்கு. அதன் உடம்பிலிருந்து செடிகள் முளைக்கின்றன. மரவள்ளி, நிலக்கடலை, மிளகாய் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நம் சமையலறையில் இருக்கும் மூன்றும் அந்தக் கண்டத்தின் பிள்ளைகள்தான், போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு நமக்கு வந்தவை. காரம் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார். "அப்போ எங்க பாட்டன் பூட்டனெல்லாம் எதப் போட்டுக் கொழம்பு வச்சான்?" மிளகுதான், வேறென்ன.

இந்தத் தூணுக்கு டெல்லோ தூண் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் வழியாகத்தான் சண்டை ஆரம்பிக்கிறது.

ஹூலியோ டெல்லோ, 1880-ல் லிமாவுக்கு மேலே வரோசிரி என்ற மலைப்பகுதியில் பிறந்தவர். கெச்சுவா பேசும் பழங்குடிக் குடும்பம். படித்து, ஹார்வர்ட் வரை போய்த் திரும்பி, பெருவின் தொல்லியலுக்கே தந்தை என்று பெயரெடுத்தார். அந்தக் காலத்தில் லிமா மேட்டுக்குடிக்கு மலைவாசி என்றால் இளக்காரம். நாகரிகம் கடற்கரைக்கு வெளியிலிருந்து வந்து இறங்கியது, மலைக்காரர்கள் அதைப் பார்த்துக் கற்றார்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. டெல்லோ 1919-ல் சாவீனைப் பார்த்தார். இதுதான் தாய் என்றார். பெருவின் எல்லா நாகரிகமும் இந்த மலைக்கோயிலிலிருந்து, அதற்கும் அப்பால் காட்டிலிருந்து பிறந்து, கடற்கரைக்கு இறங்கியது என்று வாதாடினார்.

மறுபக்கம் ரஃபேல் லார்கோ. வடகடற்கரையில் கரும்புத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரரான குடும்பம். 1926-ல் தங்கள் பண்ணையிலேயே அருங்காட்சியகம் வைத்தவர். அவர் தன் நிலத்தைச் சுற்றித் தோண்டி, சாவீன் மாதிரியே கோரைப்பல் தெய்வமும் கறுப்புப் பானையும் கொண்ட ஒரு கடற்கரைப் பண்பாட்டைக் கண்டுபிடித்தார். குப்பிஸ்னிக்கே என்று பெயர் வைத்தார். இதுதான் மூத்தது, இங்கிருந்துதான் மலைக்குப் போனது என்றார்.

ஒரே மாதிரியான பானைகள், ஒரே மாதிரியான தெய்வம். மலையில் பிறந்தவர் கண்ணுக்கு அது மலையிலிருந்து இறங்குகிறது, கடற்கரையில் பிறந்தவர் கண்ணுக்கு ஏறுகிறது! நம் ஆட்கள் பந்தியில் உட்கார்ந்து எந்த ஊர் அல்வா மூத்தது என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு இந்த இருவர் ஞாபகம்தான் வரும். ஆனால் டெல்லோவைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தன் சொந்த நாட்டிலேயே தன் ஆட்களை எதற்கும் லாயக்கில்லாதவர்கள் என்று சொல்பவர்கள் நடுவில் நின்று அவர் எழுதினார். அவருக்கு அது வெறும் பானை விஷயம் இல்லை.

யார் சொன்னது சரி? டெல்லோ 1947-ல் இறந்தார். கரியை வைத்து வயது கணக்கிடும் முறை வந்தது அதற்குப் பிறகுதான். வயது பார்த்ததில் கடற்கரையின் பெரிய கோயில்கள் பலவும் சாவீனுக்கு மூத்தவை என்று ஆயிற்று. கரால் ஒன்றே போதும், சாவீனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் மூத்தது. அப்படியானால் லார்கோ ஜெயித்தாரா? அதுவும் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 1960-ல் வானுக்கோ பக்கம் கோத்தோஷ் என்ற இடத்தில், கைகளைக் குறுக்கே மடித்த சிற்பம் கொண்ட ஒரு கோயிலைத் தோண்டி எடுத்தது. அது மலையில்தான் இருக்கிறது, கி.மு. 2000-ஐ ஒட்டியது, அதுவும் சாவீனுக்கு மூத்தது. இப்போது பலர் சொல்வது, சாவீன் யாருக்கும் தாய் இல்லை, எல்லாப் பக்கத்து ஆட்களும் வந்து கூடிய இடம் என்பது. அங்கே லூயிஸ் லும்பிரேராஸ் 1960களில் தோண்டிய படையல் நடையில் பல பிரதேசங்களின் பானைகள் நூற்றுக்கணக்கில் உடைந்து கிடந்தன. கூடவே லாமா எலும்பு, மீன் எலும்பு, கடற்சிப்பி. திருவிழாவுக்கு அவரவர் ஊர்ப் பண்டத்தைக் கட்டிக்கொண்டு வந்தது போல.

இதில் பண்டங்கள் சேர்ந்த விதம் தெரிகிறது. கொண்டு வந்த ஆள் யார்? சுங்க அதிகாரியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

இதற்கு விடை தேடி ஜான் முர்ரா என்பவர் பழைய ஸ்பானிய ஆவணங்களுக்குள் போனார். 1562-லும் 1567-லும் ஸ்பானிய அதிகாரிகள் மலை ஊர்களில் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். டிட்டிகாக்கா ஏரிக்கரையில், 3,800 மீட்டர் உயரத்தில் வாழ்ந்த லுப்பாக்கா மக்களைக் கேட்டால், எங்கள் ஆட்கள் கடற்கரையிலும் இருக்கிறார்கள் என்றார்கள். பல நாள் நடைத் தூரத்தில், கீழே போய்த் தங்கி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிப்பவர்கள். ஆனால் அவர்கள் போனவர்கள் என்று எண்ணப்படவில்லை. ஊரில் அவர்களுக்கு நில உரிமை அப்படியே இருந்தது, ஊர்க் கணக்கில் அவர்கள் பெயர் இருந்தது. கடலில் தீவுகள் போல, ஒரே சமூகம் மலைச்சரிவில் மேலும் கீழும் சிதறி, ஆனாலும் ஒன்றாக இருக்கிறது என்று 1972-ல் முர்ரா எழுதினார். சந்தை இல்லை, விலை இல்லை. கீழே இருக்கும் அண்ணன் மேலே இருக்கும் தம்பிக்கு அனுப்புகிறான், தம்பி உப்புக்கண்டமும் காய்ந்த உருளைக்கிழங்கும் திருப்பி அனுப்புகிறான். லாமா ஒன்று 25, 30 கிலோ சுமக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடக்கும். (உப்புக்கண்டத்துக்குக் கெச்சுவாவில் சார்க்கி. அமெரிக்கக் கடைகளில் பாக்கெட்டில் தொங்கும் ஜெர்க்கி அந்தச் சொல்தான்.)

படித்தபோது எனக்குச் சட்டென்று அத்தையின் பெட்டி நினைவுக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கார்டில் இன்னும் எங்கள் வீட்டுக்காரர் பெயரை எடுக்காமல் வைத்திருப்பவர் அவர்.

ஆனால் கதையை அதோடு முடிக்க மரியா ரோஸ்ட்வொரோவ்ஸ்கி விடவில்லை. அவர் பெருவின் பெரிய வரலாற்றாசிரியர். கடற்கரை வேறு மாதிரி என்றார். சின்சா பள்ளத்தாக்கைப் பற்றிய ஒரு பழைய ஆவணத்தில் 6,000 வியாபாரிகள், 10,000 மீனவர்கள், 12,000 உழவர்கள் என்று கணக்கு இருப்பதை எடுத்துக் காட்டினார். சின்சா வியாபாரிகள் எக்வடோர் வரை போய் வந்திருக்கிறார்கள். 1526-ஐ ஒட்டி ஸ்பானியர்கள் முதன்முதலாக அந்தக் கடலுக்குள் நுழைந்தபோது எதிரே வந்தது பாய் விரித்த ஒரு பெரிய மரத்தெப்பம். அதில் தங்கம், வெள்ளி, துணிமணி. அவற்றைக் கொடுத்து வாங்கப் போனது சிவப்புச் சிப்பி. அப்படியானால் வியாபாரமும் உண்டு, உறவும் உண்டு. மேலும் இவை எல்லாம் பதினாறாம் நூற்றாண்டுச் சாட்சிகள். இரண்டாயிரம் வருஷம் முந்தைய சாவீனுக்கு அவற்றை அப்படியே மாட்டிவிட முடியாது. நான் முதலில் முர்ராவின் கட்சி. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

டெல்லோ பிறந்த வரோசிரியில் 1608 வாக்கில் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட ஒரு கதைச்சுவடி உண்டு. அதில் மலைத்தெய்வத்தின் மகன் ஒருவனுக்கு இன்கா அரசன் சாப்பாடு வைக்கிறான். அவன் எனக்கு இது வேண்டாம், முள்சிப்பி கொண்டு வா என்று கேட்டு, வந்ததும் மொறுமொறுவென்று மென்று தின்கிறான். அதே சுவடியில் இன்னொரு கதை. ஒரு மலைத்தெய்வம் தான் விரும்பிய பெண்ணைத் துரத்திக்கொண்டு கடல் வரைக்கும் இறங்கி வருகிறது. அவளும் குழந்தையும் கடலுக்குள் போய்ப் பாறையாகிவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில் அந்தத் தெய்வம் அங்கே ஒருத்தி குளத்தில் வளர்த்த மீனையெல்லாம் கடலில் வீசிவிடுகிறது. கடலில் மீன் வந்தது அப்படித்தானாம்! மலைக்காரர்கள் சொன்ன கதை என்பதால் கடல்மீனுக்குக்கூட மலைத்தெய்வமே காரணம். டெல்லோ எந்த ஊர்க்காரர் என்பது புரிகிறதா?

கடைசியாக ஒரு காது.

வடபெருவில் கஹமார்க்கா மலைப்பகுதியில் குன்டூர் வாசி என்ற கோயில்மேடு. கெச்சுவாவில் கழுகுவீடு என்று அர்த்தம். ஆண்டிஸ் பெருங்கழுகு. உயரம் சுமார் 2,300 மீட்டர். யோஷியோ ஓனுக்கி தலைமையில் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 1989-ல் நடுமேடைக்கு அடியில் கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கி.மு. 800-ஐ ஒட்டிய காலம். பதினான்கு மனித முகங்கள் தொங்கும் தங்கக் கிரீடம், தங்க அணிகள், சங்குகள். அமெரிக்கக் கண்டங்களில் முறையான அகழ்வாய்வில் கிடைத்த மிகப் பழைய தங்க வேலைகளில் சேர்ந்தவை. பானைகளைப் பார்த்தால் லார்கோ சொன்ன குப்பிஸ்னிக்கே சாயல்.

எல்லோரும் தங்கத்தைப் பார்க்க, எலும்பைப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். புதைக்கப்பட்டிருந்த ஒருவரின் மண்டையோட்டில், காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைத்திருந்தது. குளிர்ந்த நீரில் வருஷக்கணக்கில் மூழ்கி எழுகிறவர்களுக்கு வருவது. இப்போது குளிர்க்கடல்களில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களிடம் காது மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். நாளிரண்டில் வருவதில்லை, பல வருஷம் ஆகும். மலையில் குளித்தால் வராது. அவர் கடற்கரையில் வளர்ந்து, ஹம்போல்ட் நீரோட்டத்தில் மூழ்கி மூழ்கிப் பிழைத்து, பிறகு எப்போதோ மலை ஏறி, அங்கேயே பெரிய மனிதராகி, அங்கேயே மண்ணுக்குள் போனவர்.

சில்லும் சங்கும் கைமாறிக் கைமாறி வந்திருக்கலாம், கடலையே பார்க்காத ஒருவர் கொண்டு வந்திருக்கலாம். காது அப்படிக் கைமாறாது. சங்கு கிடைத்தபோது தோன்றாத ஏதோ ஒன்று எனக்கு இங்கே தோன்றியது. மலைக்காற்றில் உட்கார்ந்து, பாதி அடைத்த காதோடு, யாரோ ஊதுகிற சங்கைக் கேட்டிருப்பார் அந்த மனிதர்.

அந்தத் தங்கம் லிமாவுக்குப் போய்விடவில்லை. ஜப்பானில் கண்காட்சி வைத்து, அதில் கிடைத்த பணத்தில் அந்தக் கிராமத்திலேயே 1994-ல் அருங்காட்சியகம் கட்டினார்கள்.

பெருவுக்குப் போகும் நம் குடும்பங்கள் நேராக மச்சு பிச்சுவுக்கு ஓடிவிடுகின்றன. போகட்டும், பார்க்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பொறுமை இருந்தால் சாவீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008-ல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் சங்குகளும் டெல்லோ தூணும் இருக்கின்றன. உயரத்துக்கு உடம்பு பழக ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு ஏறுங்கள்.

மலை ஏற முடியாதவர்களுக்கு லிமாவிலேயே புவெப்லோ லிப்ரே என்ற பேட்டை இருக்கிறது. லார்கோவின் அருங்காட்சியகம் பண்ணையிலிருந்து அங்கே வந்துவிட்டது. டெல்லோ நடத்திய தேசிய அருங்காட்சியகமும் அதே பேட்டையில்தான். அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்த வளாகத்தில்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம், இருபது நிமிஷம் ஆகும். வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே தெருவோரம் நீல நிறத்தில் ஒரு கோடு போட்டார்கள்.